இரண்டு வினாடி

புதிய மியூசிக் பிளேயரில் வயலின் கச்சேரியின் முதல் துண்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட இரண்டு வினாடியில், அவள் மிதித்துக்கொண்டிருந்த தையல் மெஷினும் ஓசையற்றுப் போனது. ஊசி துணியில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல் வெயிலில் ஒரு லாரி போனது. எதற்கும் சத்தமில்லை. அந்த வெறுமைக்குள், பூட்டிய வாசல் கதவுக்கு உட்புறம், ஈரக்கால் ஒன்று தரையில் பதிவது மட்டும் கேட்டது. வயலின் தொடங்கியதும் எல்லாச் சத்தமும் திரும்பி வந்தது.

போய்ப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது.

கட்டிலில் கணவர் விழித்திருந்தார். ஒலிப்பதிவாளர். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் பேச்சில்லை, அசைவில்லை. அவரே பதிவு செய்த ஒரு மணி நேர வயலின் கச்சேரி, பத்துத் துண்டுகளாக, ஆனால் இழுத்த வில் எங்கும் அறுபடாமல், பழைய பிளேயரில் வருடக்கணக்காக ஓடியது. "நடுவுல நிக்கவே கூடாதும்மா" என்பார். தொழில் கிறுக்கு என்று அவள் சிரிப்பாள். இன்று மதியம் அந்தப் பிளேயர் புகைந்து நின்றது. தம்பி கடைக்கு ஓடி இதை வாங்கிவந்து மாட்டும்வரை, அரைமணி நேரம், கணவர் வாசலைப் பார்த்தபடியே கண்ணீர் விட்டார். பிளேயருக்காக என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது இடைவெளி. காலடி கூடத்தில் கேட்டது.

தம்பியை போனில் பிடித்தாள். "இது நடுநடுவுல நிக்குதுடா."

"ரெண்டு செகண்டுதானேக்கா? நிக்காம ஓடணும்னா வேற மாடல் பாக்கணும்."

"அதை வாங்கிட்டு வா. இப்பவே வாடா."

"அக்கா, அழுறியா? என்னாச்சு? மாமாவுக்கு ஏதாவது..."

மூன்றாவது இடைவெளி. போன் ஊமையானது. காலடி, இன்னும் பக்கத்தில். மீண்டும் வயலின், தம்பி "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

பிளேயரின் வயரைப் பிடுங்கினாள். அதுதான் தப்பு. முழு அமைதி. காலடிகள் நிற்கவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமாக, அறையை நோக்கி வந்தன. திரும்பச் செருகினாள். வயலின். காலடிகள் நின்றுவிட்டன. அறைவாசல் திரைக்கு அந்தப் பக்கம்.

இருப்பதிலேயே நீளமான துண்டு பதினோரு நிமிடம். அதையே திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தாள். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, கணவரின் மார்பில் முகம் புதைத்து, அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். வில் கடைசி சுரத்தை இழுத்தது. அவளே பாடி அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தாள்.

தொண்டை அதிர்ந்தது. குரல் வரவில்லை.

ஒன்று.

இரண்டு.

காலடி இல்லை. ஒன்றுமே இல்லை. வயலின் தொடங்கியது. அவளுக்கு மூச்சு வந்தது.

"போயிடுச்சுங்க," என்றாள். "போயிடுச்சு."

கண் திறந்தாள்.

கணவரின் இரண்டு கைகளும் போர்வைமேல் இருந்தன. அவள் பிடியில் இருந்த விரல்கள், ஈரமாக, கட்டிலுக்கு அடியிலிருந்து நீண்டு, மெல்ல இறுகின.