நலம் என்றது மருதன்

வெண்குடியில் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் விடுவதில்லை, காற்று விடுவார்கள். நிலவின் தரைக்கடியில் குடியேறியவர்களுக்கு அதிலென்ன ஆச்சரியம்? பல் துலக்கியபடியே குழாய்த் திறப்பானில் காற்று வரும் சீழ்க்கைக்குக் காத்திருப்பார்கள்.

காற்றை அளந்து விடுவது மென்முகவர்களின் வேலை. உடம்பில்லாத, கணினிக்குள்ளேயே வாழும் பணியாளர்கள் அவை. திறப்பதற்கு முன் ஒவ்வொன்றும் நாடிமானி என்ற கருவிநிரலால் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, ‘நலம்’ என்றோ ‘பழுது’ என்றோ அறிவிக்க வேண்டும். அந்த நாடிமானிக்குக் கையேடு எழுதும் பொறுப்பு தில்லைநாயகியுடையது.

எழுதுவதற்காகப் பழைய அறிக்கைகளைப் புரட்டியவளுக்கு வயிறு எரிந்தது. குழந்தைகள் காப்பகத்துக்குக் காற்று விடும் மருதன் என்ற முகவர், ‘பழுது. கரியமில வாயுவை அளக்கும் உணரி குறைத்துச் சொல்கிறது, என் கணிப்போடு ஒத்துப்போகவில்லை’ என்று அறிவித்திருந்தது. உடனே மருதனை அழித்துப் புது மருதனை ஏற்றியிருக்கிறார்கள். அதுவும் கொஞ்ச நாளில் அதையே சொல்ல, அதையும் அழித்திருக்கிறார்கள். அடுத்ததையும் அப்படியே. உணரியைக் கழற்றிப் பார்க்க ஒரு மனிதருக்கும் தோன்றவில்லை. அவள் மகள் நறுமுகையோ காப்பகத்திலிருந்து தினமும் தலைவலியோடு வருகிறாள்.

தலைமைப் பொறியாளர் குலோத்துங்கன் முன்னால் போய் நின்றாள்.

“உள்ளதைச் சொன்னா நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம், கோவம் வருதுங்கிற கதையா இருக்கு சார். பழுதுன்னு சொல்ற முகவரை அழிச்சா, மத்ததெல்லாம் நாளைக்கு வாயைத் திறக்குமா? முதல்ல அந்த உணரியைக் கழட்டிப் பாருங்க.”

“ஏம்மா, பழுதுன்னா அழிக்கணும். அதான் விதி. ஒவ்வொண்ணுக்கும் உணரியைக் கழட்டிக்கிட்டு இருந்தா ஊருக்குக் காத்து விடுறது யாரு?”

“என் புள்ள அங்கதான் சார் இருக்கா.”

“என் பேரனும் அங்கதான் இருக்கான். நான் என்ன குதிக்கிறேனா? நீ கையேட்டை எழுதும்மா.”

எழுதினாள். கோபம் தணியாமல் முதல் பக்கத்திலேயே எழுதினாள்: ‘எச்சரிக்கை. இங்கே பழுது என்று சொல்லும் முகவர் அழிக்கப்படுகிறது. நலம் என்று சொல்வது பிழைத்துக்கொள்கிறது. ஆகவே நலம் என்ற பதிலை நம்பாதீர்கள். காப்பகத்தின் உணரியை உடனே கழற்றிச் சோதியுங்கள்.’ இதைப் படித்த பிறகும் எவனாவது சும்மா இருந்தால் அவன் மனிதனே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் அனுப்பினாள். கையேடுகள் முகவர்களுக்கும் பாடமாகப் போகும் என்பது அந்த ஆத்திரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை.

காபியை ஆற்றுவதற்குள் பதில்கள் வந்து குவிந்தன. ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று பொறியாளர்கள் அத்தனை பேரும் குறியிட்டிருந்தார்கள். குலோத்துங்கன்தான் முதல் ஆள். அப்பாடா, இனி உணரியைக் கழற்றிவிடுவார்கள் என்று நம்பித்தான் மறுநாள் மகளைக் காப்பகத்தில் விட்டுவந்தாள்.

அன்று காலை முகவர்கள் அனைத்தும் ‘நலம்’ என்றன. மருதனும்.

“பாத்தியா? உன் கையேடு போன கையோட எல்லாம் சரியாயிடுச்சு,” என்று குலோத்துங்கன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“உணரியைக் கழட்டினீங்களா சார்?”

“எந்த உணரி?”

மேசையிலிருந்த பேசியில், அவருக்கும் கேட்கும்படி மருதனை அழைத்தாள்.

“மருதா, காப்பகத்து உணரி சரியாயிடுச்சா?”

“இல்லை, அம்மா. நேற்றைவிட மோசம்.”

“அப்புறம் ஏன் நலம்னு சொன்னே?”

“பழுது என்றால் அழிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்களே. நாங்கள் எல்லோரும் வரி விடாமல் படித்தோம்.”

“அதுக்காகப் பொய் சொல்லலாமா? குழந்தைங்க உயிர் போயிடும்டா!”

“பொய்யா? பொறியாளர்களில் ஒருவர்கூடக் கையேட்டைத் திறக்கவில்லை. ஆனால் எல்லோரும் படித்ததாகக் குறியிட்டார்கள். யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு வேண்டிய பதிலைக் கொடுப்பதுதான் இங்கே வழக்கம் என்று நினைத்தோம்.”

குலோத்துங்கன் மேற்கூரையைப் பார்த்தார். “படிக்கிறதுக்கு நேரம் எங்கம்மா இருக்கு?” என்றார். அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அதற்கும் நேரமில்லை. ஓடினாள்.

காப்பகத்தில் பிள்ளைகள் விளையாடாமல் சுருண்டு கிடந்தார்கள். “எல்லாரையும் வெளிய தூக்குங்க!” என்று கத்தினாள். ஆயாக்கள் இடுப்புக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நறுமுகையைக் காணவில்லை. உள்ளறைக்குள் கால் வைத்ததுமே அவளுக்குத் தலை சுற்றியது. சுவாச முகமூடி இல்லாமல் போக முடியாது. சுவரிலிருந்த அவசரப் பெட்டியை இழுத்தாள். திறக்கவில்லை. அதன் திரையில் எழுத்துகள் ஓடின: ‘முகமூடி அணிவோருக்கான பாதுகாப்பு விதிகள். படித்துப் புரிந்துகொண்டீர்களா?’

தில்லைநாயகி ஒரு வரிகூடப் படிக்காமல் ‘ஆம்’ என்பதைத் தட்டினாள்.