பால் காய்ச்சிய பாழ்வீடு

ஹேமநாதன் ஞாயிற்றுக்கிழமை குறடு வைத்து உடைத்த சன்னல், செவ்வாய்க்கிழமை காலையில் முழுசாக இருந்தது.

பெரிய சன்னல் ஒன்றும் இல்லை, அவன் கட்டைவிரல் நகம் அளவுதான். டிஷ்யூ பெட்டி அளவில் அவன் கட்டிய பாழ்வீட்டின் மாடிச் சன்னல் அது. கண்ணாடி நொறுங்கி, சட்டம் ஒரு பக்கம் தொங்கி, மழைநீர்க் கறை சுவரில் இறங்கியிருக்க வேண்டும் என்று மூன்று மணி நேரம் மெனக்கெட்டிருந்தான். இப்போது சட்டம் நேராக நின்றது. கண்ணாடி இருந்தது. போதாததற்கு அதை யாரோ துடைத்தும் வைத்திருந்தார்கள்.

தெப்ராவில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவனுக்கு. பத்து வருடமாக மயிரிழைக் கீறலைத் தேடித் தேடிப் பழகிய கண். அந்தக் கண்ணில் நல்லது படாது, குறைதான் முதலில் படும். அவன் மனைவி பிரவீனாவுக்கு அவன் மேல் இருந்த மனத்தாங்கல்களில் இதுவும் ஒன்று. அப்படிப்பட்டவனிடமே யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள் என்று அவனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

வீட்டின் பின்னறையில் நாலடிக்கு நாலடியில் ஒரு பலகை. உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்கள் பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் அடித்துக்கொள்ளும் விளையாட்டு அதன் மேல் நடக்கும். பகடை உருட்டி, அளவுநாடா வைத்து வண்டிகளை நகர்த்த வேண்டும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பொம்மைக் கார்களை அறுத்து, சன்னலுக்குக் கொசுவலைக் கம்பி வைத்து, மைலோ டின் தகட்டில் கவசம் அடித்து, பேனாவின் சுருள்கம்பியைப் புகைக்குழாயாக ஒட்டி அவனே போர்வண்டிகளாக மாற்றுவான். அடுத்த மாதம் ஜொகூர் பாருவில் ஒரு கண்காட்சி. அதற்காகத் தன் தாமான் குடியிருப்பையே, தன் வீட்டு வரிசையையே, உலகம் அழிந்து முப்பது வருடம் ஆனபின் எப்படி இருக்குமோ அப்படிச் செய்திருந்தான். நடுவில் இருபத்தேழாம் எண், அவன் குடியிருக்கும் வீடு.

எல்லாமே நிஜம். அதில்தான் அவனுக்குப் பெருமை. தன் வீட்டுக் கேட்டைச் சுரண்டி எடுத்த துரு, வாசல் லோங்காங் சாக்கடையில் அள்ளிக் காயவைத்த மண், மின்விசிறித் தூசி, கிழிந்த திரைக்குப் பிரவீனாவின் பழைய சேலையிலிருந்து ஒரு துண்டு. நிஜத் துருவுக்கு எந்தப் பெயிண்டும் ஈடாகாது என்று கேட்பவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வான்.

இரவு வேலை முடிந்து வந்த அலுப்போடு காளிதாஸுக்குப் போன் போட்டான். ஞாயிறுதோறும் விளையாட வரும் கூட்டாளி. பின்சந்துக் கதவுக்கு ஒரு சாவி அவனிடமும் உண்டு.

"டேய், நீ வந்து என் வீட்ட ரிப்பேர் பண்ணியா?"

"எந்த வீட்டலா?"

"பலகையில இருக்கற வீட்ட. மாடிச் சன்னல மாத்தியிருக்க."

"அலமாக்! ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நான் லாரிய விட்டு எறங்கவே இல்ல மச்சான். இப்பகூட காஹாங்ல நிக்கிறேன், செம்பனை ஏத்திக்கிட்டு. நீ போயி தூங்கு, கண்ணு செவந்திருக்கும்."

காளிதாஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஹேமநாதனுக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்பவன் அவசரமாகச் சிரிப்பான் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

மதியம் தொழிற்சாலை ஒட்டுச்சீட்டு இரண்டை எடுத்தான். தரம் பார்த்து முடித்த பெட்டிகளில் ஒட்டுகிற சீட்டு அது. ஒருமுறை உரித்தால் கிழிந்துவிடும், திரும்ப ஒட்டாது. பின்னறையின் இரண்டு கதவிலும் நிலையையும் கதவையும் சேர்த்து ஒட்டி, குறுக்கே தேதியும் கையெழுத்தும் போட்டான்.

புதன்கிழமை காலை சீட்டுகள் அப்படியே இருந்தன. உரித்துவிட்டு உள்ளே போனான். பலகையில் இருபத்தேழாம் எண்ணின் கேட்டில் துரு இல்லை. அவன் மூன்று பூச்சு ஏற்றிய துரு. அதற்கு மேல் பச்சைப் பெயிண்ட், ஒரு பொட்டுக்கூட வழியாமல், அவன் கையைவிட நல்ல கை அடித்திருந்தது. குனிந்து முகர்ந்தான். ஈரப் பெயிண்ட் வாசம்.

வேலைக்குப் போகும்போது நிஜக் கேட்டைத் தள்ளினான். அடிக்கம்பி உள்ளங்கையில் பொடிந்து வந்தது. சுரண்டிய இடம் ஒன்றுதான், ஆனால் கேட் முழுக்கத் துரு பரவியிருந்தது. மழைக்காலம், எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

அன்று இரவு முழுக்கச் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. சீட்டைக் கிழிக்காமல் உரிக்கச் சூடு காட்ட வேண்டும். சூடு காட்ட வீட்டில் முடி உலர்த்தும் கருவி இருக்கிறது. பிரவீனாவிடம் இருக்கிறது. அவள்தானே போன மாதம் சொன்னாள்?

"கண்காட்சி முடிஞ்சதும் அந்தப் பலகைய எடுத்துருங்க. இல்லன்னா நானும் பாப்பாவும் பெக்கோக் போயிடுவோம், அம்மா வீட்டுக்கு. நீங்க இந்த வீட்டுல இருக்கறதே இல்ல. அந்த ரூம்ல இருக்கீங்க."

எடுத்துவிடுகிறேன் என்று அப்போது சொன்னான். அவள் நம்பவில்லை என்பதும் தெரியும். அலமாரி மேலிருந்த துணிப்பெட்டி அதற்கப்புறம் கட்டிலடிக்கு வந்திருந்ததையும் அந்தக் கண் பார்த்து வைத்திருந்தது. அவளும் ஏழு வயது லோஷினியும் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியாது. அதை வாய்விட்டு ஒருநாளும் அவன் சொன்னதில்லை.

புதிதாக ஒட்டிய சீட்டுகள் வியாழக்கிழமையும் கிழியவில்லை. உள்ளே, பாழ்வீட்டின் பின்கட்டில் ஒரு கொடி கட்டியிருந்தது. கொடியில் துணிகள். ஒரு நைட்டி, இரண்டு துண்டு, அரிசி அகலத்தில் நீலப் பள்ளிச் சீருடை ஒன்று. ஹேமநாதன் அதை ஆள்காட்டி விரலால் தொட்டான். விரல் நனைந்தது. சோப்பு வாசம் அடித்தது.

கூடத்துக்கு வந்தான். பள்ளி விடுமுறை என்பதால் லோஷினி சோபாவில் இருந்தாள். பக்கத்தில் பிரவீனா, விடுப்பு எடுத்திருப்பாள் போல. தொலைக்காட்சி ஓடியது. கூடத்துச் சுவரில் நேற்று இல்லாத ஈரக்கறை ஒன்று உத்திரத்திலிருந்து இறங்கியிருந்தது.

"பிரவீனா, ரூமுக்குள்ள போனியா?"

"இல்லங்க."

"உண்மையச் சொல்லு. நான் கோவப்பட மாட்டேன்."

"இல்லங்க."

அவ்வளவுதான். மற்ற நாளாக இருந்தால் நான் ஏன் அந்தக் குப்பைக்குள் போகிறேன் என்று தொடங்கி, குளியலறைக் குழாயில் மூன்று நாளாகச் செந்தண்ணீர் வருவது வரை ஒரு மூச்சு திட்டித் தீர்த்திருப்பாள். இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லோஷினி ஏழாம் வாய்ப்பாட்டில் திணறுகிறவள், நாள் முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவளும் பேசவில்லை. மேசையில் காலையில் வைத்த ரொட்டி கடிபடாமல் காய்ந்திருந்தது. பிரவீனா திட்டமாட்டாளா என்று ஹேமநாதன் ஏங்கியது அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை தூக்கம் வராமல் புரண்டபோதுதான் பால் காய்ச்சிய விஷயம் நினைவுக்கு வந்தது.

மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிறு அது. பாழ்வீட்டைப் பலகையில் ஒட்டிய அன்று, புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டாமா என்று காளிதாஸ் கிண்டலடித்தான். ஹேமநாதனுக்கும் குஷி. புட்டி மூடியில் நாலு சொட்டுப் பால் ஊற்றி, லைட்டரைக் கீழே பிடித்தான். பால் பொங்கி வாசலில் வழிந்தது. கற்பூரம்கூடக் காட்டினார்கள். பிரவீனா வாசற்படியில் நின்று, "குடி போறதுக்குக் காய்ச்சற பால வெச்சு வெளையாடாதீங்க" என்று முகம் சுளித்தாள். அதற்குள் லோஷினி ஓடிவந்து இரண்டு விரலைக் காலாக்கி, வலது காலை முதலில் எடுத்து வைத்து, அந்தக் குட்டிக் கதவுக்குள் நடந்தாள்.

"இது அம்மா. இது நானு. வீட்டுக்கு வந்துட்டோம்!"

"அப்பா எங்கடா கண்ணு?" என்று காளிதாஸ் கேட்டான்.

"அப்பா ரூம்ல வேல செய்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஹேமநாதன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

இடிந்த வீட்டில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். வாழப் போகிற வீட்டில்தான் காய்ச்சுவார்கள். பால் பொங்கிவிட்டால் அது குடிபோன வீடு. இதைச் சொல்லித்தர அவனுக்கு ஆள் வேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து தெரிந்ததுதான். தெரிந்தும் செய்தான்.

சனிக்கிழமை அவனுக்கு ஓய்வு. மத்தியானம் மூன்று மணிக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து ஈரமண் வாசத்தோடு ஒரு காற்று சுழன்று வந்து தாமான் தகரக் கூரைகளையெல்லாம் தடதடக்க வைத்தது, நாய்கள் ஒவ்வொன்றாகக் குரைப்பை நிறுத்தின, அப்புறம் மழை ஒரேயடியாகக் கொட்டத் தொடங்கியது. படிக்கட்டில் ஒழுகியது. மாடியில் ஒழுகியது. சுவரைத் தொட்டால் பூச்சு கையோடு வந்தது. கூடத்தில் அவர்கள் இருவரும் அதே சோபாவில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சி எப்போதோ நின்றுபோயிருந்தது.

அவன் சுத்தியலை எடுத்தான்.

"பிரவீனா, கேக்குதா? நான் அத ஒடச்சிர்றேன். கண்காட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க எங்கயும் போக வேணாம்."

கோபத்தில் இருக்கிறாள், உடைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

சீட்டைக் கிழித்துக் கதவைத் திறந்தான். அறையில் விளக்கு போடவில்லை. போடத் தேவையும் இல்லை. பலகை நடுவில் மஞ்சள் வெளிச்சம் இருந்தது. சுற்றிலும் அவன் செய்த இடிபாடு, கவிழ்ந்த வண்டிகள், எரிந்த லாரி, முள்கம்பி. நடுவில் இருபத்தேழாம் எண். வெள்ளையடித்த சுவர், எரியும் விளக்கு. கடுகு வெடிக்கும் வாசம் வந்தது. மத்திமீன் சம்பல் வாசமும் சேர்ந்து வந்தது.

சுத்தியலை ஓங்கினான்.

"ஏழேழ் நாப்பத்தொம்போது. ஏழெட்டு..."

கொசு ரீங்காரத்தைவிடச் சின்ன குரல். திணறியது. நின்றது.

"ஏழெட்டு? எத்தன தடவ சொல்றது பாப்பா? மொதல்ல இருந்து சொல்லு. அந்த ஈரத் துணிய வேற யாரு எடுப்பா? இந்த வீட்டுல எல்லாத்துக்கும் நான்தான்."

திட்டுகிறாள். அவள்தான். அவளேதான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளே இருக்கிறார்கள். உடைத்தால்?

அப்படியென்றால் கூடத்தில் யார்?

திரும்பி நடந்தான். நாலு எட்டு. மின்னல் வெட்டியதில் கூடம் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தது. சோபாவின் பின்பக்கம். பிரவீனாவின் தலை. கழுத்து. கிட்டே போனான். தொட்டான். குளிர்ச்சி. வழவழப்பு. காதுக்குப் பின்னாலிருந்து தோள்வரை ஒரு கோடு விரலில் தட்டியது. மெல்லிய, தூக்கலான கோடு. எந்த இருட்டிலும் அவன் விரலுக்கு அது தெரியும். பிளாஸ்டிக் வார்ப்பில் அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் விழும் கோடு. கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டிய கோடு. யாரும் சுரண்டவில்லை.

முன்னால் வந்து பார்த்தான். கண் வரையவில்லை. வெறும் வெள்ளை.

பக்கத்தில் லோஷினி. வலது கை தோளில் இல்லை. சோபாவில், அவள் மடிக்குப் பக்கத்தில், விரல்கள் மேல் பார்க்கக் கிடந்தது. ஒட்ட வேண்டிய முனை சுத்தமாக, வட்டமாக இருந்தது.

அவன் கத்தினானா என்று அவனுக்கே தெரியாது. பின்னறைக்கு ஓடினான். பலகை முன்னால் மண்டியிட்டான். அந்தச் சின்னக் கதவை நகத்தால் தட்டினான்.

"பிரவீனா. நான்தான். தெற."

வாய்ப்பாடு நின்றது.

"அம்மா... வெளிய ஏதோ நிக்குது."

"இங்க வா. கிட்ட வா. சத்தம் போடாத."

"அப்பா வந்துட்டாங்களாம்மா?"

"அப்பா இல்ல. அது அப்பா இல்ல."

அவன் சன்னலுக்கு முகத்தைக் கொண்டுபோனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரவீனா நின்றாள். நைட்டியில் மாவு ஒட்டியிருந்தது. மகளைப் பின்னால் தள்ளி, கையில் தோசைக்கரண்டியை ஓங்கி, அவன் கண்ணுக்குள் நேராகப் பார்த்தாள். பத்து வருடத்தில் எத்தனையோ கோபத்தை அவள் முகத்தில் பார்த்திருக்கிறான். இந்தப் பயத்தைப் பார்த்ததில்லை.

அவள் திரையை இழுத்து மூடினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. விளக்கு அணைந்தது.