பாசியின் பிடி

“பாசிக்கு வேரில்லைத்தானே உம்மா, அப்ப அலை அடிக்கேக்க ஏன் அது போகாம நிக்குது?” என்று கடற்கரைப் பாறையில் நின்று ஜெஸ்லியா ஒருநாள் கேட்டாள். அடியால் கல்லை இறுகப் பற்றிக்கொண்டு, கடல் வற்றினால் வெயிலில் கருகிக் கிடந்து, தண்ணீர் ஏறியதும் மறுபடி விரியும், அதுதான் அதன் பிழைப்பு என்று உம்மு குல்சூம் சொன்னாள். ஏழு வயதுப் பிள்ளை, உம்மாவின் சேலைத் தலைப்பை விடாமலே தலையாட்டியது. எங்கே போனாலும் அந்தப் பிடிதான்.

போன நோன்புக்கு முன், அதே பாறையில் வழுக்கி, பிள்ளை கடலில் போய்விட்டது.

அலுமாரியின் மேல் ஒரு பாசிக்கொத்து இருந்தது. அடக்குவதற்கு முன் பிள்ளையின் மையித்தைக் குளிப்பாட்டும்போது, மூடிய கையை விரல் விரலாக விரித்து குல்சூம் எடுத்தது. தொட்டால் நொறுங்கும் சருகு. இன்று பின்னேரம் அசர் தொழுகை முடித்து அதைத் தொட்டாள்.

ஈரம்.

மீன் கொண்டுவந்த செலீனா அண்ணாந்து பார்த்தாள். “மழையில்லாம ஒழுகிற கூரை உங்கட வீட்டிலதான் இருக்கு, அக்கா.”

குல்சூம் சிரிக்கவில்லை. “கடலில இருந்து பிள்ளையத் தூக்கினது நீங்கதானே. இது எப்படி அவட கையில வந்தது?”

செலீனா கூடையை இறக்கினாள். “கடல் ஏறி வத்தும்வரைக்கும் இதுதான் பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருந்தது. கையைச் சுத்தி ஒரே இறுக்கம். கல்லில இருந்து அடியோட வெட்டித்தான் எடுத்தனான். இது இல்லாட்டி உங்களுக்கு மையித்தும் கிடைச்சிருக்காது.”

அவள் போன பிறகு வீடு அமைதியானது. வெளியே கடல் ஏறும் இரைச்சல் வேலிவரை வந்து நிற்க, உள்ளே உப்பும் அழுகலும் கலந்த வாடை அலுமாரிக்குள் மடித்திருந்த சின்னச் சட்டைகளிலிருந்தே வருவதுபோல் எழுந்து அறையை நிறைக்க, மேலே பாசி ஒவ்வொரு கிளையாக விரிந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்தது. எடுக்கப் போனாள். வரவில்லை. அலுமாரி மரத்தைப் பற்றியிருந்தது.

தன் பிள்ளைக்காக இந்தப் பாசி, தான் இருந்த இடத்தை இழந்தது. அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே.

“வா,” என்றாள். “உன்ர இடத்தில விடுறன்.”

பிடி தளர்ந்தது.

பாறையில் வெட்டுப்பட்ட தழும்பு அப்படியே இருந்தது. அதில் கொத்தின் அடியை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, முழங்காலிட்டு இருந்தாள். நீர் இடுப்புக்கு வந்தது. கை மரத்தது. எடுக்கவில்லை. கடைசியில், கைக்குக் கீழே, அது கல்லைப் பற்றியது. “பிஸ்மில்லாஹ்,” என்று கையை எடுத்தாள். பார்த்தவர் எவருமில்லை.

கரையேறினாள். மஃரிப் மங்கல்.

பின்னால் ஈரமணலில் ஒரு சத்தம். தொப்.

நின்றாள். அதுவும் நின்றது.

நடந்தாள். தொப். தொப். காலடி இல்லை. இரண்டு காலும் சேர்ந்து தத்தும் சத்தம்.

அடக்கத்துக்கு முன், கஃபன் துணியில் அந்தக் கால்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பியவள் அவள்தான்.

சேலைத் தலைப்பு பின்னால் இழுபட்டது. பழகிய உயரம். பழகிய கனம்.

குல்சூம் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிய கால்களோடு பின்னால் வருவது எட்டிப் பிடிக்கட்டும் என்று, நடையை மெதுவாக்கிக்கொண்டாள்.