டீச்சர் கோழி பறந்து போகவில்லை

அந்தக் கோழிக்கு 'டீச்சர்' என்று பேர் வைத்தவன் பொடியன்தான். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, மற்ற கோழிகளை ஒவ்வொன்றாக முறைத்தபடி கொல்லையில் நடக்கும். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைத் தேடுகிற நடை!

ஆனால் டீச்சருக்கு வயதாகிவிட்டது. முட்டையிடுவதை நிறுத்திப் பல மாதமாயிற்று. கறிக்காக வளர்க்கும் சேவல்களுக்கு அந்த வீட்டில் யாரும் பேர் வைத்ததில்லை, அழுததும் இல்லை. டீச்சர் அப்படியல்ல. பள்ளிவிட்டு வந்ததும் பொடியன் முதலில் அதனிடம்தான் போவான்.

மழை விடாமல் பெய்த ஒரு விடுமுறை நாளில், அம்மா மிளகைக் கூப்பிட்டாள். மிளகு, பொடியனின் அக்கா. மூக்குக்கு மேல் கோபம் வருவதால் கிடைத்த பட்டப்பெயர் அது.

"முட்டையிடாத கோழிக்கு இந்த மழைக்காலம் பூரா தீனி போட நம்மால ஆகாது. இன்னிக்கு டீச்சரை அடிச்சுடலாம்" என்றாள் அம்மா. "பொடியன் எதிர்வீட்டுல விளையாடுறான். வந்து கேட்டா, சுவரு தாண்டிப் பறந்து போயிடுச்சுன்னு சொல்லு. பாவம், தாங்க மாட்டான்."

 மிளகு தலையாட்டினாள்.

அம்மா கத்தியோடு வரும்வரை டீச்சரை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். அது அவள் சட்டைப் பொத்தானைக் கொத்திக் கொத்திப் பார்த்தது.

வேலை சட்டென்று முடிந்தது. அப்புறம் அம்மா வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வயதான கோழிக் கறி லேசில் வேகாது. மதியம் அடுப்பில் ஏறிய பானை சாயங்காலமும் கொதித்துக்கொண்டிருந்தது.

பொடியன் வாசம் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான். "ஐ, கறிக்குழம்பா! டீச்சர் எங்க? கூண்டுல காணோமே?"

"பறந்து போயிடுச்சு" என்றாள் மிளகு, அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவ்வளவுதான். ஒரு கை நொய்யரிசியை அள்ளிக்கொண்டு மழையில் ஓடினான் பொடியன். மிளகு குடையோடு பின்னால் ஓடினாள்.

"டீச்சர்! டீச்சர்!"

தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு லீவாச்சே தம்பி! எந்த டீச்சரைத் தேடுற?"

பொடியன் சிரிக்கவில்லை. கடையோரம் நின்றிருந்த லாரிகளுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தான். இருட்டத் தொடங்கியதும் தொப்பலாக நனைந்து வீடு திரும்பினான். நேரே கொல்லைக்குப் போய், கூண்டுக் கதவை அகலத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்தான்.

"டேய், கதவை மூடு. நாய் வந்து மத்த கோழியைத் தூக்கிட்டுப் போயிடும்!"

"மூடினா டீச்சர் எப்படி உள்ள வரும்? நான் காவல் இருக்கேன்." அங்கேயே உட்கார்ந்தான். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

மிளகு அவனருகே குந்தினாள்.

"பொடியா, டீச்சர் பறந்து போகலை. நான் பொய் சொல்லிட்டேன். அம்மா அதை அடிச்சுட்டாங்க. பானைல இருக்கிறது அதுதான்."

கையிலிருந்த நொய் அவள் முகத்தில் வந்து விழுந்தது. இரண்டு கையாலும் அவளைக் குத்தினான். ஒன்று வாங்கினால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள், அன்று பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் கை ஓய்ந்தது. "அதுக்கு வலிச்சுதா?"

"கொஞ்சம் வலிச்சிருக்கும். ஆனா சட்டுனு முடிஞ்சிடுச்சு. அதுவரைக்கும் என் மடியிலதான் இருந்துச்சு."

"பயந்துச்சா?"

"இல்லடா. என் பொத்தானைக் கொத்திட்டு இருந்துச்சு."

பொடியன் அப்போதுதான் அழுதான். அழுது முடித்து எழுந்து, கல்லை நகர்த்திக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

உள்ளே அம்மா அவன் தலையைத் துவட்டியபடி மிளகைப் பார்த்தாள். "சொல்லிட்டியா?"

"ஆமாம்மா. லாரிக்கு அடியிலெல்லாம் தேடினான். பார்க்க முடியல."

அம்மா திட்டவில்லை. துண்டு அவள் கையில் அப்படியே நின்றது. "நான்தான் சொல்லியிருக்கணும்."

"நான் டாட்டாகூடச் சொல்லலை" என்றான் பொடியன். "இனிமே முன்னாடியே சொல்லணும்."

"சொல்றேன்டா கண்ணு."

அவன் குழம்பைத் தொடவில்லை. அம்மாவும் கட்டாயப்படுத்தாமல் வெறும் சோற்றில் பாலை ஊற்றிக் கொடுத்தாள். மிளகு தன் தட்டோடு தள்ளியே நின்றாள்.

பொடியன் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"ஏன் நிக்கிற? வந்து உட்காரு" என்றான்.