அமைச்சர் நெற்றியில் ஏழு நிறம்

பத்திரிகை நிருபர் மேனகா ரிஜால் படியேறி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உத்தவுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது.

சிக்கல் என்று வருபவர்களுக்குத் துப்பறிந்து சொல்லும் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி தீர்த்தமான் ஷ்ரேஷ்டா நாற்காலியைக் காட்டினார். "உட்காரு தங்கச்சி. என்ன ஆச்சு?"

உத்தவும் நிருபர்தான்; வேலை நேரம் போக நான்கு வருடமாக அவருக்கு எடுபிடி. அவனை ஒருநாளும் 'தம்பி' என்று அவர் அழைத்ததில்லை. அதுவும் அவனுக்கு உறுத்தியது.

மேனகா கைப்பேசியை நீட்டினாள். நேற்று பாய் டீகா, திகார் பண்டிகையின் கடைசி நாள். சகோதரர்களுக்கு சகோதரிகள் திலகமிடும் நாள், காட்மாண்டு முழுக்க விடுமுறை. அந்த மத்தியானம் ஒரு வெளிநாட்டுத் தூதர் மின்துறை அமைச்சரின் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய், அணை ஒப்பந்தத்தைத் தன் நாட்டுக்கே கொடுக்கச் சொல்லி மிரட்டினார் என்று அவள் எழுதியிருந்தாள். இன்று காலை அரசாங்கம் மறுத்தது. அமைச்சர் நாள் முழுக்க லலித்பூரில் அக்கா வீட்டில் இருந்தாராம். சாட்சிக்கு ஒரு படம்: சிவப்புச் சேலையில் அக்கா, தம்பி நெற்றியில் ஏழு நிறத் திலகம், கழுத்தில் வாடாமல்லி மாலை, முன்னால் குவியலாக, பண்டிகைக்கு எண்ணெயில் சுடும் அரிசிமாவு வளையமான செல் ரொட்டி.

"வெறும் மறுப்புன்னா ஜனங்க சிரிச்சிருப்பாங்க, அண்ணே. கீழ டீக்கடைக்காரர்கூட, 'இல்லைன்னுட்டாங்களா, அப்ப நடந்திருக்கு'ன்னாரு. இந்தப் படம் வந்ததும் அவரே மாறிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள நிரூபிக்கலேன்னா மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போன்னு ஆசிரியர் சொல்லிட்டாரு."

அணை விவகாரம் உத்தவின் வேட்டை. அதே பத்திரிகையில், அவளுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் அவன் துரத்திய செய்தி. கடைசியில் பெயர் அவளுக்கு.

"உத்தவ், அந்த அக்கா வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வா" என்றார் தீர்த்தமான்.

போனான். பார்த்தான். திரும்பும் வழியெல்லாம் யோசித்தான். பார்த்ததில் ஒன்றை மட்டும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

தீர்த்தமான் டீக்கடையில் காத்திருந்தார். உத்தவ் மோமோ ஒரு தட்டு வாங்கித் தின்றான். இன்னொன்று கேட்டான்.

"என்ன சொன்னாங்க?"

"உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. அக்காவும் இருந்தாங்க, அவங்க வீட்டுக்காரரும் இருந்தாரு. 'தம்பி என்ன சொன்னானோ அதுதான்'னாங்க. அவ்வளவுதான், அண்ணே. மேனகா கதை முடிஞ்சுது."

தீர்த்தமான் இரண்டாவது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "வா. ஆசிரியர்கிட்ட போவோம்."

ஆசிரியர் புவன் அறையில் மேனகா மன்னிப்புக் கடிதத்தைப் பாதி எழுதியிருந்தாள்.

"பேனாவை வை தங்கச்சி" என்றார் தீர்த்தமான். "அந்தப் படம் நேத்து எடுத்தது இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் புவன்.

"இவன் பசியோட வந்தான். திகார் மறுநாள் ஒரு வீட்டுக்குள்ள போய் உக்காந்துட்டு, வாயில ஒரு செல் ரொட்டி திணிக்காம உங்களை யாராவது வெளிய விட்டிருக்காங்களா? கடன் கேட்டு வந்தவனுக்கே ரெண்டு கொடுப்பாங்க. படத்துல மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. நேத்து அத்தனை சுட்ட வீட்டுல இன்னைக்கு ஒண்ணுகூட இல்லையா? அப்ப அந்த வீட்டுல எண்ணெய்ச் சட்டியே ஏறல. நம்ம ஊருல அதுக்கு ஒரே காரணம்தான்." உத்தவ் பக்கம் திரும்பினார். "அந்த வீட்டுக்காரர் என்ன நிறத்துல உடுத்தியிருந்தாரு?"

உத்தவின் காது சூடானது. "...வெள்ளை."

"தலையில?"

"வெள்ளைக் குல்லா. அக்காவும் வெள்ளைதான். மாமியார் வைகாசியில போயிட்டாங்களாம்."

"வருஷத் துக்கம். மாமியாருக்குத் துக்கம் காக்கற மருமக சிவப்புக் கட்டி, தம்பிக்குத் திலகம் வெச்சாளாம்! படத்தைத் தேடி எடுத்த அதிகாரிக்கு அமைச்சர் குடும்பம் தெரியும். அக்கா புகுந்த வீட்டுச் சாவு தெரியல. அது பழைய வருஷத்துப் படம். நேத்து அமைச்சர் நிஜமாவே அங்க இருந்திருந்தா, அதுக்கு எதுக்குப் பழைய படம்?"

புவன் பாதிக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். மேனகா உத்தவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருக்கலாம்.

"அவ்வளவு பசின்னா எங்க வீட்டுக்கு வந்திருக்கலாமே, உத்தவ்" என்றாள். "செல் ரொட்டி நிறைய மீந்து கிடக்கு."

படத்தின் குட்டு அவள் பெயரிலேயே வெளியானது. இருட்டுவதற்குள் அரசாங்கம் இரண்டாவது மறுப்பை விட்டது: படம் தவறுதலாக மாறிவிட்டது, அமைச்சர் வீட்டில் தனியாக ஓய்வெடுத்தார், எந்தத் தூதரும் வரவில்லை.

டீக்கடை முழுவதும் சிரித்தது. யாரோ அதை அமைச்சர் குரலில் வாசித்துக் காட்ட, இன்னொருவர் மேனகாவுக்கு டீ சொன்னார். உத்தவ் மூலையில் உட்கார்ந்து அந்த மறுப்பை முதலிலிருந்து கடைசிவரை, நிதானமாக, மறுபடியும் படித்தான். காட்மாண்டு முழுவதிலும் அது உண்மையாக இருக்கவேண்டுமே என்று ஏங்கியவன் அவன் ஒருவன்தான்.