பிச்சையின் நாற்பத்தாறு பாயிண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை 7.40.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு படகு கரைக்கு வரவில்லை என்றால் முதலில் ஐஸ் கம்பெனிக்குத்தான் தெரியும். பிச்சையின் விசைப்படகுக்கென்று உடைத்து வைத்த ஐஸ் ஆளில்லாமல் கரைந்து ஓடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பிச்சையும் கூடப்போன மூன்று பேரும் எல்லை தாண்டியதாக இலங்கைப் பக்கம் பிடிபட்டுவிட்டார்கள். படகும் போயிற்று.

இந்தக் கரையில் இது புதுசா என்ன? புதுசு வேறொன்று. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பிடிபடுவதற்குச் சற்று முன், பிச்சை வயர்லெஸ்ஸில் கத்தியதைப் பக்கத்துப் படகுக்காரர் ராமு கேட்டிருந்தார்.

"நான் கோட்டுக்கு இங்கிட்டுத்தான் நிக்கிறேன்! ஜிபிஎஸ் பெட்டியில கோடு இன்னும் தள்ளிக் கெடக்கு! என்னைய எதுக்குடா வளைக்கிறாங்ய?"

பிச்சை இருபத்தெட்டு வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். எல்லைக்கோடு எங்கே என்று தெரியாதவர் அல்ல.

திங்கட்கிழமை காலை 10.00. கடலோரக் காவல் நிலையம்.

பிச்சையின் மனைவி மீனாட்சி நின்றுகொண்டே பேசினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பக்கத்தில் மகன் ரகுநாத், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுகிறவன்.

"போன தடவை எச்சரிச்சு விட்டுட்டாங்க மேடம். ரெண்டாந்தடவைன்னா ஜெயிலுதானாம். புதன்கிழமை கோர்ட்டு. அவுக வேணும்னு தாண்டலை. அந்த ஜிபிஎஸ் பெட்டியை எவனோ கெடுத்துட்டான். எவன்னு கண்டுபிடிச்சு எழுதிக் குடுங்க, வக்கீல் கையில குடுக்கணும்."

எஸ்.ஐ. மோகனப்ரியா ரகுநாத்தைப் பார்த்தாள். "நீ என்னப்பா சொல்ற?"

"அஞ்சு மைல் பொய் சொல்லியிருக்கு மேடம் அந்தப் பெட்டி. ரிப்பேர்ல ஏதோ நடந்திருக்கு."

"ரிப்பேருக்கு எப்பக் குடுத்தீங்க?"

"வியாழக்கிழமை. ஆரோக்கியதாஸ் அண்ணன் கடையில நாந்தான் குடுத்தேன். சனிக்கிழமை விடியக்காலை அப்பாவே போய் வாங்கிட்டுக் கடலுக்குப் போயிட்டாரு. நான் கோயம்புத்தூர் இண்டர்வியூல இருந்தேன்."

"அவன்தான் மேடம்," என்றாள் மீனாட்சி. "பாயிண்ட் திருடுற பய."

பாயிண்ட் என்றால் மீன் கிடைக்கும் இடம். அதன் எண்களை ஜிபிஎஸ் பெட்டியில் பதிந்து வைத்திருப்பார்கள். பெட்டியைத் தொலைத்தவன்கூட அழமாட்டான், பாயிண்ட்டைத் தொலைத்தவன் அழுவான். பிச்சையின் பெட்டியில் நாற்பத்தாறு பாயிண்டுகள் இருந்தன. பேர் எதற்கும் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்தான். எது எந்த இடம் என்பது பிச்சையின் மண்டைக்குள் இருந்தது. அவ்வளவு அழுத்தக்காரர்.

நிலையத்துத் திரையில் இன்னொரு கோளாறும் தெரிந்தது. படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி சனிக்கிழமை காலை 9.10க்கே ஊமையாகிவிட்டது. அது மட்டும் பேசியிருந்தால் நிலையத்திலிருந்தே பிச்சையை எச்சரித்திருக்கலாம். வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை போதும்.

செவ்வாய் காலை 9.30. முத்துராமன் டீக்கடை.

"ரகு சனிக்கிழமையிலேர்ந்து கடைப்பக்கமே வரலைங்க மேடம்," என்றார் முத்துராமன். "ரெண்டு பேரும் கத்தாம எனக்கு யாவாரமே ஓடலை."

ஆரோக்கியதாஸ் விமானப்படையில் ராடார் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ரகுநாத்துக்குப் போர் விமானம் என்றால் சோறு வேண்டாம். தினமும் இந்த பெஞ்சில் இருவருக்கும் சண்டை. போன செவ்வாய்க்கிழமைச் சண்டையை மோகனப்ரியாவே டீ கிளாசும் கையுமாக நின்று கேட்டிருந்தாள்.

"கண்ணுலயே படாமப் போறதுதான்டா தம்பி கெட்டிக்காரத்தனம்," என்றார் ஆரோக்கியதாஸ். "பிளேனோட உருவத்தையே சாய்ச்சு வெட்டி, மேல பூச்சு பூசி, ராடார் அலையைத் திரும்ப விடாம செஞ்சுட்டா முடிஞ்சது சோலி. ஸ்டெல்த்துக்கு மிஞ்சி என்ன இருக்கு?"

"நீளமான அலை வச்ச ராடார்ல அதுவும் தெரியும்ணே. குண்டையெல்லாம் வயித்துக்குள்ள ஒளிச்சு வைக்கணும், கொஞ்சந்தான் கொண்டு போகலாம். எதுக்கு ஒளியணும்? அவன் அனுப்புற அலையைப் பிடிச்சு, லேசாத் தாமதிச்சு, அவனுக்கே திருப்பி அனுப்பு. பிளேன் ஒரு எடத்துல, அவன் திரையில தெரியிறது வேற எடத்துல. சுடட்டுமே, காத்தைச் சுடட்டும்!"

"சத்தம் போட்டு ஜாம் பண்ணினா, அந்தச் சத்தத்தையே பிடிச்சுக்கிட்டு ஏவுகணை வரும்டா."

"சத்தம் போடாமப் பொய் சொல்லணும். அங்கதாண்ணே வித்தை இருக்கு."

"சரிடா, பொய் சொல்லு. ஒம்பக்கத்து ஆளுக்கு முன்னாலயே சொல்லி வைக்காட்டி அவனும் அந்தப் பொய்யைத்தான் பாப்பான். அதுக்கு என்ன செய்வ?"

ரகுநாத் சிரித்துவிட்டு வடையைக் கடித்தான்.

காலை 10.15. ஆரோக்கியதாஸ் கடை.

"பெட்டியில என்ன கோளாறு?"

"திரை மங்கிப் போயிருந்துச்சு. மாத்திக் குடுத்தேன்."

"பாயிண்ட்டைத் தொட்டீங்களா?"

"இல்லை மேடம்."

"காப்பி எடுத்தீங்களா?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார்.

"பெட்டி வந்த ஒடனே, ஸ்குரூவைக் கழட்டுறதுக்கு முன்னாலயே எழுதிட்டேன். நாப்பத்தாறும் இருக்கு. முதல் பத்தை ராமுவுக்குக் குடுத்தேன். கேவலந்தான். ஆனா அந்த மனுசனை ஜெயிலுக்கு அனுப்புற பாவத்தை நான் செய்யலை மேடம். அந்தோணியார் சத்தியம்."

மதியம் 12.30. படகுத் துறை.

"சனிக்கிழமை பிச்சைக்குப் பக்கத்துலயே நின்னீங்களா?"

"ஆமா," என்றார் ராமு.

"ஆரோக்கியதாஸ் குடுத்த பாயிண்ட்லதானே?"

ராமு தலையைக் குனிந்தார். "ஒரு எழவும் இல்லைங்க அங்க. பாறையில மாட்டி மடி வலை கிழிஞ்சதுதான் மிச்சம். என் பெட்டியில கோடு கிட்ட வந்துருச்சு, திருப்பிட்டேன்."

"பிச்சை இன்னும் கிழக்கே போறதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வயர்லெஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, என் பாயிண்ட்ல ஒனக்கென்னடா வேலைன்னு கேப்பாரேங்க." ராமுவின் கண் கலங்கிவிட்டது. "தப்புப் பண்ணிட்டேன்."

மோகனப்ரியாவுக்கு அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. விட்டு என்ன ஆகப்போகிறது?

பிற்பகல் 3.00. பிச்சை வீடு.

பிச்சை கைப்பட எழுதிய பழைய பாக்கெட் நோட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. மீனாட்சி எடுத்துக் கொடுத்தாள். "பெட்டி செத்துப்போனா இது இருக்கட்டும்னு வச்சிருந்தாக. பெத்த பிள்ளைக்குக்கூடக் காட்ட மாட்டாக."

"அக்கா, சனிக்கிழமை சோறு கட்டிக் குடுத்தீங்களா?"

"வாழை எலையிலதான் கட்டினேன். பார்சல் கட்டுற வெள்ளித்தாள் ரோலைக் காணும். எப்பவும் இப்படித்தான், அவுக படகுக்கு எடுத்துட்டுப் போயிருவாக. எதுக்குன்னே தெரியலை."

மோகனப்ரியாவுக்குத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

நிலையத்துக்குப் போய் இரண்டு நோட்டுகளையும் சுவரிலிருந்த கடல் வரைபடத்தோடு வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். அதற்கே இரண்டு மணி நேரம் பிடித்தது.

மாலை 5.30. மறுபடியும் பிச்சை வீடு.

ஆரோக்கியதாஸையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் வாசலோடு நின்றார். ரகுநாத் உள்ளே சுவரோரமாக நின்றான். மீனாட்சி அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"பிச்சை அண்ணன் நோட்டுக்கும் ஆரோக்கியதாஸ் நோட்டுக்கும் வித்தியாசம் இருக்கு," என்றாள் மோகனப்ரியா. "நாப்பத்தாறு பாயிண்ட்டும் கிழக்கே தள்ளியிருக்கு. ஒண்ணுவிடாம, ஒரே அளவு. அஞ்சு மைல்."

"பாத்தீங்களா, நான் சொல்லலை?" மீனாட்சி வாசலைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"இருங்கக்கா. அவரு இதை எழுதினது பெட்டியைக் கழட்டுறதுக்கு முன்னால. திருடிக் குடுத்த பாயிண்ட்ல ராமுவுக்கு மடி கிழிஞ்சிருக்கு. தானே மாத்தியிருந்தா, பொய்யின்னு தெரிஞ்சே அதை ராமுவுக்குக் குடுப்பாரா? கடைக்கு வரும்போதே பெட்டியில பொய்தான் இருந்திருக்கு. அண்ணனைச் சிக்க வைக்கணும்னா கோட்டை மட்டும் நகர்த்தினாப் போதும். எல்லாத்தையும் நகர்த்தினவன் மீன் கெடக்குற எடத்தை மறைக்க நெனச்சவன். மெக்கானிக் திருடினாலும் பொய்யைத் திருடட்டும்னு."

மோகனப்ரியா இரண்டு நோட்டுகளையும் மூடி வைத்தாள்.

"நேத்து என் முன்னாடி 'அஞ்சு மைல் பொய்'னு ஒருத்தர் சொன்னாரு. எனக்கு அப்ப ஒறைக்கலை. பெட்டி படகோட போயிருச்சு. அது எத்தனை மைல் பொய் சொல்லுச்சுன்னு இந்தக் கரையில எவனுக்கும் தெரியாது. மாத்தினவனைத் தவிர." அவள் ரகுநாத்தின் பக்கம் திரும்பினாள். "பெட்டி திரும்ப வந்ததும் பழையபடி மாத்திடலாம்னு இருந்தே. இல்லையா?"

ரகுநாத் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள வந்துருவேன்னு நெனச்சேன் மேடம். பஸ்ஸை விட்டுட்டேன். சனிக்கிழமை மத்தியானம் வந்தா, அப்பா போயிட்டாரு. வயர்லெஸ்ல சொன்னா ஊரே கேக்கும். மீனு கெடைக்காம வருவாரு, திட்டுவாரு, அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"நாப்பத்தொண்ணுலேர்ந்து நாப்பத்தாறு வரைக்கும் என்னன்னு தெரியுமா?"

"மீன் பாயிண்ட்டுதான்னு..."

"வரைபடத்துல வச்சுப் பாத்தா அதுதான் எல்லைக்கோடு. அந்த ஆறையும் சேர்த்துத்தான் திரையில கோடு விழும். உங்கப்பா அதுக்கும் பேரு வைக்கலை. நீ அதையும் சேத்து நகர்த்திட்டே."

வாசலில் ஆரோக்கியதாஸ் "மாதாவே" என்று முனகினார்.

மீனாட்சி மகன் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். இன்னொன்று அடிக்கக் கையைத் தூக்கி, அப்படியே அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒங்கப்பனை நீயே புடிச்சுக் குடுத்துட்டியேடா, பாவி!"

சற்று நேரம் கழித்து அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இதை எழுதிக் குடுத்தா விட்டுருவாகளா மேடம்? பிள்ளை தெரியாமச் செஞ்சதுன்னு?"

வழியில் வரும்போதே வக்கீலிடம் போனில் கேட்டிருந்தாள் மோகனப்ரியா. மகன் பெட்டியை மாற்றினான் என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றார் வக்கீல். நம்பினாலும் அடுத்த கேள்வி வரும்: டிரான்ஸ்பாண்டரில் வெள்ளித்தாளைச் சுற்றியது யார்? அது பிச்சையின் சொந்தக் கை. தன் இடத்தை மற்றப் படகுகள் பார்த்துவிடக் கூடாது என்று தினமும் செய்கிற வேலை. படகு இலங்கைக்காரர்கள் கையில் இருக்கிறது, தாளும் அதில்தான் இருக்கிறது. ஒளிந்து வந்தவன் வழி தவறி வந்தேன் என்றால் எந்த நீதிமன்றம் கேட்கும்?

"எழுதித்தான் ஆகணும்க்கா," என்றாள். "பிரயோஜனம் இருக்கும்னு சொல்ல மாட்டேன்." இந்தக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இதைத் தவிர வேறு சொல்ல வாயில்லையே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

மாலை 6.00.

வக்கீல் ஏற்பாடு செய்திருந்த அழைப்பு வந்தது. மூன்று நிமிஷம். மீனாட்சி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சாப்பிட்டீகளா?" என்றாள்.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கோம் நாலு பேரும். ரகு இருக்கானா?"

"இருக்கேம்ப்பா."

"இண்டர்வியூ என்னாச்சு? சரி, அதை அப்புறம் சொல்லு. தம்பி, பெட்டி போனாப் போகுது. கடைக்குக் கொண்டு போனியே, அந்த ஆரோக்கியதாஸ் பய நம்ம பாயிண்ட்டை எடுத்துறலையே? பாத்துக்கிட்டேல்ல?"

வாசலில் நின்ற ஆரோக்கியதாஸ் தரையைப் பார்த்தார். மீனாட்சி வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள். ரகுநாத் மோகனப்ரியாவை ஏறிட்டுப் பார்த்தான், ஏதாவது சொல்வாளா என்று.

"பாத்துக்கிட்டேம்ப்பா," என்றான். "ஒண்ணுகூட அவருக்குச் சிக்கலை."

"அது போதும்டா," என்றார் பிச்சை. எத்தனையோ நாளாக அடக்கிவைத்த மூச்சை விடுவதுபோல் விட்டார். "எம்புள்ளை கெட்டிக்காரன்னு எனக்குத் தெரியும்."

இன்னும் ஒரு நிமிஷம் மிச்சம் இருந்தது.