வாள்முதுகு, இரண்டாம் தரம்

பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது நிறைமதியின் தரத்தைத்தான். ஏழு என்று தெரிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கனகாம்பிகை கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மகன் வேலவன் ஐந்துதான். பெண் கொஞ்சம் கூட இருந்தால் வீட்டுக்கு நல்லது என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

மலை முகடுகளில் விபத்தைக் குறைக்கத்தான் தரமானி வந்தது. மணிக்கட்டில் கட்டும் பட்டை அது. பாதை எவ்வளவு கஷ்டம், கட்டியவர் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை எண்ணாகச் சொல்லும். சில வருடங்களில் வேலை கொடுப்பவர்கள் அந்த எண்ணைக் கேட்டார்கள். பிறகு ஜாதகம் இருந்த இடத்திலும் அதுவே உட்கார்ந்தது. நிச்சயமான இருவரும் ஒரே கயிற்றில் ஒரு முகட்டைக் கடந்து இணைத்தரம் வாங்கினால்தான் மண்டபம் பேசுவார்கள். பாதியில் திரும்பினால் சுழியம். சுழியம் வாங்கிய ஜோடியை எந்தக் குடும்பமும் சேர்த்துவைப்பதில்லை.

இவர்களுக்கு வாய்த்தது வால்பாறைக்கு மேலே இருந்த வாள்முதுகு. இரண்டாம் தரம். எளிது.

பாதி தூரம் வரை எளிதாகத்தான் இருந்தது. பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது, கூடவே தூறல். முன்னால் போன நிறைமதி பாறையில் கை வைத்துப் பார்த்தாள். பாசி சோப்பு மாதிரி வழுக்கியது. அடுத்த அடிகளில் கயிற்றை மாட்ட ஒரு பிடிப்புக்கூட இல்லை. கயிறு அவர்கள் இருவரை மட்டுமே கட்டியிருந்தது. மலையோடு எதையும் கட்டவில்லை. ஒருவர் வழுக்கினால் மற்றவரும் போவார். பின்னால் வேலவன் சுருதி சேராமல் எதையோ பாடிக்கொண்டிருந்தான். பயம் வந்தால் அவனுக்குப் பாட்டு வரும் என்பது, பழகிய இந்த நாலைந்து மாதத்தில் அவள் கண்டுபிடித்த ரகசியம். அதற்காகவே அவனை இன்னும் பிடித்துப்போயிருந்தது.

தரமானி மறுபடி சொன்னது: "எளிது."

நிறைமதி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பலாம் என்றாள்.

தலைக்கு மேலே வட்டமிட்ட பறவைக்கண் என்னும் பறக்கும் கேமரா வழியாக எல்லாவற்றையும் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த கனகாம்பிகையின் குரல் காதில் மாட்டிய கருவியில் கேட்டது.

"என்ன கண்ணு, உக்காந்துட்ட? ரெண்டாந்தரந்தானே. நம்ம வீட்டு மாடிப்படியாட்டம்."

"மாடிப்படிதானுங்க அத்தை. ரெண்டு பக்கமும் செவுரு இல்லாம, சோப்புத் தண்ணி ஊத்தி வெச்ச மாடிப்படி. ஏறுறது எவ்வளவு கஷ்டம்னுதான் இது சொல்லுது. வழுக்குனா என்னாகும்னு சொல்லறதில்லீங்க."

இத்தனை ஜோடி தாண்டியிருக்கிறதே, அவர்களுக்கெல்லாம் தெரியாததா என்று மாமியார் கேட்டார்.

"தாண்டுனவங்களை வெச்சுத்தானுங்க இது தரம் போடுது. திரும்புனவங்களை முடிக்காதவங்கன்னு அழிச்சுருது. விழுந்தவங்களும் முடிக்காதவங்கதானுங்களே, அத்தை."

பிறகு கனகாம்பிகை மகனிடம் மட்டும் பேசினார். கயிற்றை அவிழ்த்துவிட்டு அவன் தனியாகத் தாண்டினால் அவன் எண்ணாவது மிஞ்சும். வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். நிறைமதிக்கும் அது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா, நான் பாடிட்டிருக்கேன். உனக்குக் கேக்கலையா?" என்றான் வேலவன்.

வந்த வழியே, கயிற்றோடு, இருவரும் இறங்கினார்கள்.

கனகாம்பிகை கல்யாணப் பேச்சை முறித்தார். அவர்கள் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் பறவைக்கண் பதிந்த காட்சி, நிறைமதி பேசிய பேச்சோடு, ஊரெல்லாம் பரவியது. மலையில் பிள்ளைகளை இழந்த பெற்றோர், தரமானிக்குக் கணக்குப் போடும் தரவாரியத்தின் வாசலை விட்டு நகர மறுத்தார்கள். கடைசியில் வாரியம் பணிந்தது. திரும்பியவர்களும் விழுந்தவர்களும் கணக்கில் சேர்ந்தார்கள். வாள்முதுகு ஒரே இரவில் ஆறாம் தரமானது. கூடவே வாரியம் புதிதாக ஒரு மதிப்பெண்ணையும் கொண்டுவந்தது: திரும்புதிறன்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. பெண் கொடுக்கிறவர்கள், பையன் எத்தனை முகட்டில் திரும்பினான் என்று விசாரித்தார்கள். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு, நுழைவாயிலைத் தாண்டிப் பத்தடி நடந்து, கவலையான முகத்தோடு திரும்பிவரும் கூட்டம் பெருகியது. அவர்கள் கவலைப்படுவதைப் படமெடுக்கத் தனியாக ஆட்கள் வந்தார்கள்.

கனகாம்பிகையும் சமாதானமாகி வந்துவிட்டார். முதன்முதலில் திரும்பியது தன் மருமகள்தான் என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். ஒரே ஒரு குறை. அந்தத் திரும்பல் மலையின் கணக்கில்தான் சேர்ந்திருந்தது; பழைய விதியில் நடந்ததால் அவர்கள் பெயரில் திரும்புதிறன் ஏறவில்லை.

"ஒருக்கா போயி திரும்பிட்டு வந்துருங்க, கண்ணு. வேலவனுக்குப் பதவி உயர்வு அதுலதான் நிக்குது."

போனார்கள். தை மாத வெயிலில் பாறை காய்ந்து கிடந்தது, காற்றுகூட இல்லை. நிறைமதி கைக்கு எட்டிய இடமெல்லாம் தட்டிப் பார்த்தாள். முன்பு உட்கார்ந்த இடத்துக்கு அப்பால், கயிற்றை மாட்டும் கொக்கிகளை இப்போது பாறையிலேயே அடித்து வைத்திருந்தார்கள். தரமானி அதிர்ந்தது. இங்கே திரும்பினால் உச்ச மதிப்பெண் என்றது.

"இன்னைக்கு எதுக்குத் திரும்பணும்?" என்றாள் அவள்.

வேலவன் வானத்தைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவனுக்குப் பாட்டு வரவில்லை.

"அம்மா திட்டுவாங்க" என்றான். கயிற்றை முதல் கொக்கியில் மாட்டினான்.

காதில் கனகாம்பிகை திரும்பச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். தரமானி சிவப்பாக ஒளிர்ந்து, இருவர் பெயருக்கும் நேரே ஒரே தீர்ப்பைப் பதிந்தது: ஆபத்தை உணராதவர்கள்.

நிறைமதி அடுத்த பாறையில் கால் வைத்தாள்.